உலக வங்கியின் ஆட்சித்திறன் குறியீடுகள்: ஒரு மதிப்பீடு

வளரும் நாடொன்றின் ஆட்சியை எடைபோட விரும்பும் குடிமக்களுக்கு, 1996 முதலான தரவுகளைக் கட்டணமின்றி வழங்கும் உலக வங்கியின் ‘ஆட்சித்திறன் குறியீடுகள்’ என்னும் இணையச் சேவை மிகவும் பயன்படும். மக்கள் குரலும் பொறுப்புடைமையும், அரசியல் நிலைத்தன்மை, அரசின் செயல்திறன், ஒழுங்குமுறைத் தரம், சட்டத்தின் ஆட்சி, ஊழல் கட்டுப்பாடு என்னும் ஆறு கோணங்களில் 200-க்கும் மேற்பட்ட நாடுகளையும் ஆட்சிப்பகுதிகளையும் இது அளக்கிறது. ஒவ்வொரு மதிப்பெண்ணுடனும் பிழை வரம்பையும், அதாவது உண்மை மதிப்பு அதற்கு மேலோ கீழோ எவ்வளவு விலகியிருக்கலாம் என்பதையும், வெளியிடும் நேர்மையே என்னை மிகவும் கவர்ந்தது. அந்த வரம்பைப் பாராமல், தரவரிசையில் ஓரிரு இடங்கள் ஏறியிறங்கியதை மட்டும் வைத்து ஒரு தலைமையைப் புகழ்வதும் பழிப்பதும் அநீதி. ஆயினும் இந்த மதிப்பெண்கள் வல்லுநர்கள், தொழில் நிறுவனங்கள், குடும்பங்கள் ஆகியோரின் கருத்துகளிலிருந்து திரட்டப்பட்டவை. மேலும், நாடு முழுவதற்கும் ஒரே எண் என்பதால், தம் உள்ளாட்சி மன்றம் குடிநீரை ஒழுங்காக வழங்குகிறதா என்று வாக்காளர் கேட்கும் கேள்விக்கு இதில் விடை கிடைப்பதில்லை.