தாஹோ ஏரியில் ஸ்ட்ரோபா, வீடியோ லைட்டா?

கலிபோர்னியா–நெவாடா எல்லையில் 1,897 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது தாஹோ. ஆழம் 501 மீட்டர். அதில் டைவ் செய்து படமெடுக்க இரண்டு வகை விளக்கு உண்டு: மின்னி அணையும் ஸ்ட்ரோப், தொடர்ந்து எரியும் வீடியோ லைட். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்க, தனியே வெளிச்சம் எதற்கு என்று கேட்கலாம். ஏரியின் எமரால்டு பே (Emerald Bay) என்ற விரிகுடாவில் மூழ்கிக் கிடக்கும் பார்ஜுகளை (சரக்குப் படகுகளை) முழுசாகப் படமெடுக்க அது வேண்டியதே இல்லை. விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசிதான். மீதியில் சிவப்பைத் தண்ணீர் தின்றுவிடும். ஒயிட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமனை) அந்த ஆழத்திலேயே செட் செய்து பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

இரு விளக்குக்கும் போட்டி ஒன்றரை மீட்டருக்குள்தான்: பலகையில் துருத்தும் ஆணி, பாறையிடுக்கில் கொடுக்கை நீட்டும் கிரேஃபிஷ் (இறால் போன்ற நன்னீர் உயிரி). இங்கே புகைப்படத்துக்கு ஸ்ட்ரோப்தான் சிறந்தது. மின்னல் வேகத்தில் அடித்து அணைவதால் 1/200 நொடி ஷட்டர், எஃப் 8 துவாரம், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 200-இல் கொடுக்கு அசங்காமல் விழும். வீடியோ லைட்டில் 1/60-க்கு இறங்கி ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டிவரும். உடம்பு லேசாக ஆடினாலே படம் கலங்கிவிடும்.

ஸ்ட்ரோபின் பலவீனம் வண்டல். காலில் மாட்டிய துடுப்பு ஒருமுறை தரையைத் தட்டினால் படமெங்கும் வெள்ளைப் புள்ளிகள். வீடியோ லைட்டில் அந்தத் தூசி எடுக்கும் முன்பே திரையில் தெரியும். ஸ்ட்ரோபில் எடுத்த பிறகுதான். இரண்டு ஸ்ட்ரோப் இருந்தால் பக்கத்துக்கு அரை மீட்டர் தள்ளி, போர்ட்டுக்கு (லென்ஸ் முன் உள்ள கண்ணாடிக்கு) பின்னால் இழுத்து, சற்று வெளிப்பக்கம் திருப்புங்கள். ஒளிக்கற்றையின் ஓரம் மட்டும் பொருளைத் தொட்டால் போதும், நடுவில் மிதக்கும் தூசி இருட்டில் நின்றுவிடும்.

ஆழத்தின் குளிரில் ஆல்கலைன் பேட்டரி படுத்துவிடும். ஸ்ட்ரோப் மெதுவாக சார்ஜ் ஏறி, அடுத்தடுத்து எடுத்தால் இரண்டாவது படம் இருண்டு வரும். நிக்கல்–மெட்டல் ஹைட்ரைடு செல் போட்டு அரை பவரில் வையுங்கள். லித்தியம் பேக் உள்ள வீடியோ லைட்டும் அறிவித்த நேரம் எரியாது. வீடியோவுக்கு நின்று எடுக்க வேண்டியிருப்பதால் டைவ் நேரமும் கவனம்: உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இங்கே 18 மீட்டர் ஆழம், கடலுக்கான டைவ் நேர அட்டவணையில் சுமார் 22 மீட்டருக்குச் சமம்.

எதை எடுத்துப்போனாலும் ஏரிக்கரையில் ஹவுசிங்கின் (கேமராவைக் காக்கும் நீர்புகாப் பெட்டியின்) மூடியை ஒருமுறை திறந்து மூடுங்கள். கடல் மட்டத்தில் மூடிய பெட்டிக்குள் அங்கத்திய காற்றழுத்தமே இருக்கும். ஏரிக்கரையில் வெளியழுத்தம் அதில் ஐந்தில் நான்கு பங்கு. முதல் 2 மீட்டர் வரை உள்காற்று மூடியை வெளியே தள்ளுவதால் ஓ-ரிங் (நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இறுகாது, கசிவு அங்கேதான் தொடங்கும். மலையிறங்கியதும் மூடி திறக்க அடம்பிடித்தால் வெளிக்காற்று அழுத்துகிறது என்று பொருள்; நெம்பாமல் ஒரு ஓரத்தை மட்டும் மெல்லத் தூக்கிக் காற்றை உள்ளே விடுங்கள்.

இரண்டு வகையில் ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் ஸ்ட்ரோப். ஃபோகஸுக்கு மட்டும் சின்ன டார்ச் ஒன்றை ஹவுசிங் மேல் பொருத்திக்கொள்ளுங்கள்.