பந்தயக் குதிரையை வளைய வைக்க: சைடு ரெயினா, டிரா ரெயினா, உள் காலா?

கிரேவில், ஸ்காட்ஸ்வில் பந்தய மைதானங்களில் ஓடி முடித்த தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் அதிக விலையில்லாமல் கிடைக்கும். வாங்கிய பிறகுதான் வேலை ஆரம்பம். நேராகவும் வேகமாகவும் ஓட அதற்குச் சொல்லித்தரவே வேண்டாம். கடிவாள வாரை இழுத்தால் நிற்காது. கடிவாளத்தில் சாய்ந்து இன்னும் வேகமெடுக்கும், பந்தயத்தில் பழகியது அப்படி. மேற்சொன்ன இரண்டு மைதானங்களும் வலப்பக்கம் திரும்புபவை. இடப்பக்க வட்டத்தில் என் குதிரை விறைத்துக்கொண்டு வெளித்தோளால் நழுவியதற்கு அதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நழுவியது.

இப்படிப்பட்ட குதிரையை வளையவும், முதுகை உயர்த்தி ரவுண்டாக நடக்கவும் பழக்க, ஷொங்வேனிப் பக்கத்து லாயங்களில் மூன்று வழிகள் பேசப்படும். பல் ராவுவது, சேணம் பொருந்துகிறதா என்று பார்ப்பது எல்லாவற்றுக்கும் பொது. அதைச் செய்யாமல் எந்த வழியில் இறங்கினாலும் குதிரைக்கு வலிதான் மிஞ்சும்.

டிரா ரெயினை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். சேணத்தை வயிற்றோடு கட்டும் இடுப்புவாரில் தொடங்கி, கடிவாள வளையத்துக்குள் புகுந்து, நம் கைக்கு வரும் வார் இது. வளையம் இங்கே கப்பியாக வேலை செய்வதால், கையில் இழுப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விசை வாயில் விழும். தலை உடனே இறங்கும், படம் எடுத்தால் அழகாகவும் இருக்கும். ஆனால் கழுத்து, காதுகளுக்குப் பின்னால் உள்ள உச்சியில் மடியாமல் அதற்குப் பின்னால் மடிந்து, மூக்கு செங்குத்துக் கோட்டுக்கு உள்ளே போய்விடும். டிரஸ்ஸாஜ் என்ற குதிரைப் பயிற்சிப் போட்டியின் விதிகள் கேட்பது உச்சி மேலேயும், மூக்கு சற்றே முன்னாலேயும். கை மிகத் தேர்ந்தவர்கள் இதை நல்லபடி பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அத்தகையவருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

சைடு ரெயின் நேர்மையான கருவி. கடிவாளத்தை இரு பக்கமும் இடுப்புவாரோடு இணைக்கும், கையில் பிடிக்காத வார் இது. நாம் நடுவில் நின்று பிடிக்கும் நீளமான லஞ்ச் கயிற்றில் குதிரையைச் சுற்றவிட்டு, உடல் சூடான பிறகு மாட்டவேண்டும். முதலில் தளர்வாக, பிறகு ஒவ்வொரு துளையாக. மாட்டியபடி லாயத்திலிருந்து நடத்தி வரக்கூடாது, முன்கால் தூக்கினால் பின்னால் சாய்ந்து விழும் அபாயம் உண்டு. ஏறுபவரின் எடையில்லாமல் முதுகு வேலை செய்வதும், கடிவாளத்தில் அசையாத பிடி கிடைப்பதும் இதன் பலம். டர்பனில் வேலை முடித்து என்-3 நெடுஞ்சாலையில் வந்து சேர்ந்தால், மார்ச் மாதத்தில் இருட்டுவதற்குள் கிடைப்பது சொற்ப நேரம். பூச்சிக்கடிக்கு அஞ்சி அந்திக்குள் குதிரையை உள்ளே கட்டியாக வேண்டும். அப்படிப்பட்ட நாளில் இருபது நிமிட லஞ்ச் வேலைக்கு ஈடில்லை. குறை என்னவென்றால், வாருக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. குதிரை சரியாகச் செய்த நொடியிலும் அது அதே இறுக்கத்தில்தான் இருக்கும்.

நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி: உள் காலிலிருந்து வெளி வாருக்கு. அதாவது வட்டத்தின் உள்பக்கம் இருக்கும் நம் காலால் தள்ளி, வெளிப்பக்க வாரில் வாங்கிக்கொள்வது. குதிரையின் கழுத்தில் 7 எலும்புகள், அதற்குப் பின்னால் விலா தாங்கும் 18. கழுத்து நன்றாக வளையும், முதுகு கொஞ்சமாக வளையும், இடுப்புப் பகுதி அரிதாக. உள் வாரை இழுத்தால் கழுத்து மட்டும் திரும்பும். மேலே இருப்பவர் குதிரையே வளைந்துவிட்டதாக நம்பிவிடுவார். அதற்குப் பதிலாக 20 மீட்டர் வட்டத்தில் தொடங்கிப் படிப்படியாக 14 மீட்டருக்குச் சுருக்கி, இடுப்புவார் அருகே உள் காலால் அழுத்தி மறுபடி வெளியே அனுப்புவேன். வெளி வார் தோளைத் தடுத்து நிற்கும். உள் பின்கால் வயிற்றுக்குக் கீழே எட்டி வைக்கும், வயிற்றுத் தசை இறுகும், முதுகு எழும்பும், கழுத்து தானாக நீளும். தலையை யாரும் தொடவேண்டியதில்லை. இது பிடிபட்டதும் சுவரோரம் தோளை உள்ளே கொண்டுவரும் பயிற்சி, 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் கெரினியே வகுத்துக்கொடுத்தது. புதிதாகப் பழகும் குதிரைக்கு அதில் பாதிக் கோணமே போதும்.

மெதுவான வழிதான். பக்கத்து லாயக் குதிரை டிரா ரெயினில் கழுத்தை வளைத்துப் போகும்போது, நம்முடையது மூக்கை நீட்டிக்கொண்டு போகும். “என்ன தம்பி, இன்னும் ஒட்டகம் ஓட்டுறியா?” என்று கேட்கிற அண்ணன்மாரும் உண்டு.

ஆனாலும் என் முடிவைத் தீர்மானித்தது ஓய்வுக்காலம். இங்கே எந்தக் குதிரையும் ஆண்டு முழுக்கத் தொடர்ந்து வேலை செய்வதில்லை. ஜூனுக்கும் அக்டோபருக்கும் இடையில் பூச்சி பரப்பும் ஆப்பிரிக்கக் குதிரை நோய்க்கு இரண்டு தடுப்பூசி, நடுவில் குறைந்தது மூன்று வாரம். அந்த நாட்களில் வியர்க்கும் வேலை வேண்டாம் என்பார் மருத்துவர். உண்ணியால் பிலியரி காய்ச்சல் வந்தால் அது தனி ஓய்வு. வாரால் வந்த ரவுண்டு வாரோடு போய்விடுகிறது: ஓய்வுக்குப் பின் கழற்றி ஓட்டினால் தலை வானத்தில், மறுபடி முதல் துளையிலிருந்து. உள் காலுக்கு நகரக் கற்ற குதிரைக்குத் தசை குறைந்திருக்கும், மூச்சு வாங்கும், ஆனால் கேள்வி மறக்காது. நடையில் சில வட்டங்களிலேயே பதில் வந்துவிடுகிறது. போட்டியில் ஏறி ஓட்டும்போது சைடு ரெயினும் டிரா ரெயினும் கூடாது என்பதால் என்றைக்காவது கழற்றத்தான் வேண்டும்.

எந்த வழியில் போனாலும் சோதனை ஒன்றுதான். வட்டத்தில் இரண்டு மூன்று எட்டுக்கு உள் வாரை முன்னால் விட்டுப் பாருங்கள். வளைவு நிற்கிறதா, வேகம் மாறுகிறதா? என் குதிரை வலப்பக்கம் தேறிவிட்டது. இடப்பக்கம் நல்ல நாளில் மட்டும்.

நான் பழகியது தரோபிரெட்டோடு மட்டும். போயர்பெர்ட், வார்ம்பிளட் வைத்திருப்பவர்களுக்கு உடல்வாகே வேறு, அவர்கள் தங்கள் இனத்தை ஓட்டியவர்களிடம் கேட்பது நல்லது. முதுகு மெலிந்து, ஏறுபவரைச் சுமக்கும் தசையே இல்லாத குதிரை வந்தால் நானும் முதலில் சைடு ரெயினில்தான் சில வாரம் விடுவேன், தளர்வாக. அதற்கு நல்ல லஞ்ச் கயிறும் கையுறையும் வாங்குங்கள், டிரா ரெயின் கடையிலேயே இருக்கட்டும்.