ஜாஸ் டிரம்ஸ் பழக: எலெக்ட்ரானிக் கிட்டா, பிராக்டிஸ் பேடா?

பெங்களூரு அல்சூரில் மூன்றாவது மாடி வாடகை வீடு. இங்கே அசல் டிரம் செட்டைப் போட்டு வாசித்தால் மறுநாளே ஹவுஸ் ஓனர் வந்து நிற்பார். ஆக, ஜாஸ் பழக ஆசைப்படும் நமக்கு இரண்டு வழிதான். ஒன்று, ரப்பர் தட்டுகளை அடித்தால் டிரம் ஒலி தரும் எலெக்ட்ரானிக் கிட் வாங்கி ஹெட்போனில் வாசிப்பது. இன்னொன்று, வீட்டில் குச்சியால் அடித்துப் பழக ஒரு பிராக்டிஸ் பேட், வாரம் ஒரு மணி நேரம் ஜாம் ரூமில், அதாவது வாடகைக்குக் கிடைக்கும் இசைப் பயிற்சி அறையில், அசல் செட். இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். ஜாஸுக்கு இரண்டாவதுதான்.

எலெக்ட்ரானிக் கிட்டில் நல்லது இல்லாமல் இல்லை. இரண்டு கை, இரண்டு கால் எல்லாம் சேர்ந்து பழகும், தாளக் கணக்கு காட்டும் மெட்ரோனோமும் உள்ளேயே இருக்கும். ராக், சினிமாப் பாட்டுக்கு அது தாராளம். ஆனால் சத்தமே வராது என்று நம்பி 20,000 ரூபாய்க்கு மேல் போட்டுவிடாதீர்கள். காலால் மிதிக்கும் கிக் பெடலின் அதிர்வு தரை வழியாக இறங்கும். இரண்டாம் நாளே கீழ்வீட்டு அக்கா படியேறி வந்து, "தம்பி, மேல என்ன இடிக்கிறீங்க? எங்க ஷெல்ஃபுல டம்ளரெல்லாம் ஆடுது" என்றார். தடியான ரப்பர் விரிப்பு போட்டும் பாதிதான் குறைந்தது.

அதைவிடப் பெரிய குறை சிம்பலில் இருக்கிறது. 1940 வாக்கில் கென்னி கிளார்க் போன்ற ஜாஸ் டிரம்மர்கள் தாளத்தை நடத்தும் வேலையை, காலால் வாசிக்கும் கிக் டிரம்மிலிருந்து கையால் வாசிக்கும் பெரிய ரைடு சிம்பலுக்கு மாற்றினார்கள். அதுமுதல் ஜாஸ் டிரம்மரின் குரலே அந்த வெண்கலத் தட்டுதான். குச்சியின் நுனி பட்டால் ஒரு நாதம், நுனிக்குக் கீழே பருத்த பகுதி பட்டால் வேறு. ஓர் அடியின் ரீங்காரம் அடங்குவதற்குள் அடுத்த அடி விழும். அந்த ரீங்காரத்தை எவ்வளவு சேரவிடலாம் என்று கை கற்றுக்கொள்வதுதான் படிப்பே. எலெக்ட்ரானிக் கிட்டின் ரப்பர் சிம்பலில் கை அதைக் கற்க முடியாது. குச்சிக்குப் பதில் பிடிக்கும், கம்பி இழைகள் கொண்ட பிரஷ்ஷும் அப்படித்தான். அதைத் தேய்த்துத்தான் வாசிக்க வேண்டும், சாதாரண கிட்டின் சென்சாருக்கோ அடி மட்டும்தான் தெரியும்.

பேடில் என்ன பழகலாம்? ஸ்விங், அதாவது ஜாஸின் துள்ளல் நடை. வாயால் 'தகிட தகிட' என்று சொல்லிக்கொள்ளுங்கள். முதல் தகிடவில் 'த'வுக்கு மட்டும் அடி, இரண்டாவதில் 'த'வுக்கும் 'ட'வுக்கும். அதுதான் ரைடு சிம்பலின் டிங், டிங்-க. இடது காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பலான ஹை-ஹாட் விழும் இடம் இரண்டாவது தகிடவின் 'த', அங்கே இடது பாதத்தைத் தட்டுங்கள். வேகம் கூடும்போது இந்த மூன்றின் கணக்கு தளர்ந்து அடிகள் சமமாகிக்கொண்டே போகும், அது அப்புறம். பிரஷ்ஷுக்குப் புடவைப் பெட்டியின் அட்டை மூடி போதும். தோசைமாவு தேய்ப்பதுபோல இடது கை வட்டம் போட, 'ஷ்ஷ்' என்ற ஒலி அறுபடாமல் வர வேண்டும். எனக்கு அது வர மூன்று வாரம் ஆனது.

ஜாம் ரூமுக்கு மணிக்குச் சில நூறு ரூபாய் ஆகும். அங்கே பெரும்பாலும் 22 அங்குல கிக் டிரம், உள்ளே தலையணை திணித்து ராக்குக்குத் தயாராக இருக்கும். ஜாஸ் செட்டில் வழக்கமாக 18 அங்குலம். பரவாயில்லை, காலை மெதுவாக, காதுக்கு எட்டியும் எட்டாமலும் வையுங்கள். நான் போகும் இடத்தில் சிம்பல்கள் ஓரம் விண்டிருக்கும். அதனால் கிட்டை விற்ற பணத்தில் 20 அங்குல ரைடு ஒன்று வாங்கினேன். சனிக்கிழமைகளில் அதைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு பர்ப்பிள் லைன் மெட்ரோவில் ஏறிவிடுகிறேன்.