மைஎஸ்கியூஎல்: அழிக்கச் சொன்னால் எப்படி அழிக்கிறது?

கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பதும், அதன் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதும்தான் என் பிழைப்பு. அந்தக் கணக்குகளையெல்லாம் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்தான் மைஎஸ்கியூஎல். அதன் வேகத்தை அலச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் அது அழிக்கும் குணத்தை மட்டும் சொல்கிறேன்.

ஒரு டேட்டாபேஸை மொத்தமாக அழிக்கும் ‘டிராப் டேட்டாபேஸ்’ கட்டளையைக் கொடுத்ததும், அதன் ஃபோல்டரை நீக்க முடியவில்லை என்று 1010 எரர் வந்தால் உடனே எல்லாரும் சாஃப்ட்வேரைத் திட்டுவார்கள். எனக்கு அங்கேதான் அதன் மேல் மரியாதை. தகவல்களை வைக்கும் டேபிள்களுக்காக மைஎஸ்கியூஎல்லே உண்டாக்கும் வகை ஃபைல்களை, அதாவது ஐபிடி, எம்ஒய்டி, எம்ஒய்ஐ போன்றவற்றைத்தான் அது அழிக்கும். அந்த ஃபோல்டரில் வேறு எது கிடந்தாலும் தொடாது. பெரும்பாலும் அங்கே கிடப்பது, யாரோ அவசரத்தில் வைத்துவிட்டுப் போன ஸிப்பாக இருக்கும். ஒரு மளிகைக் கடையின் பழைய கணக்கு முழுக்க அப்படித்தான் தப்பியது. அந்த ஃபைலை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி டிராப் கொடுத்தால் வேலை முடிந்தது.

ஆனால் ஒரு வில்லங்கம். அழிக்கலாம் என்று அது வைத்திருக்கும் பட்டியலில் ‘பிஏகே’ என்று முடியும் ஃபைல்களும் உண்டு. பேக்கப்புக்கு நம் ஆட்கள் முதலில் வைக்கும் பெயரே அதுதானே! டேட்டா ஃபோல்டருக்குள் பேக்கப் வைக்காதீர்கள்.

எரர் செய்தி மகா கஞ்சம். எந்த ஃபைல் தடுக்கிறது என்று சொல்லாது, ஃபோல்டரின் பெயரோடு காரணத்துக்கு ஓர் எண்ணை நீட்டும். லினக்ஸில் 17 அல்லது 39 வந்தால் உள்ளே ஏதோ மிச்சம் இருக்கிறது. 13 வந்தால் பர்மிஷன் சிக்கல். ரூட்டாக, அதாவது சர்வரின் தலைமை யூசராக இருந்து காப்பி செய்த ஃபோல்டர்களில் அடிக்கடி வரும். அப்போது ஃபைலின் பர்மிஷனை மாற்றிப் பயனில்லை. அழிக்கும் உரிமை ஃபோல்டரைப் பொறுத்தது, அதன் ஓனரை மைஎஸ்கியூஎல் யூசருக்கு மாற்ற வேண்டும்.

டிஸ்க் நிறைந்துவிட்டது என்று பைனரி லாகுகளை (டேட்டாவில் நடந்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ஃபைல்கள்) லினக்ஸின் ‘ஆர்எம்’ கட்டளை போட்டு அழிப்பவர்களுக்கு: அவற்றைப் பட்டியலிடும் இண்டெக்ஸ் ஃபைலில் பெயர் அப்படியே இருக்கும். ‘பர்ஜ் பைனரி லாக்ஸ்’ கட்டளை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் சாஃப்ட்வேர், யாராவது கனெக்ட் ஆகியிருந்தாலே டேட்டாபேஸை அழிக்க மறுக்கும். வற்புறுத்த வேண்டுமானால் 13ஆம் பதிப்பில் வந்த ‘ஃபோர்ஸ்’ வேண்டும். மைஎஸ்கியூஎல் அதையெல்லாம் பார்ப்பதில்லை, உறுதிதானா என்றும் கேட்பதில்லை. ரோல்பேக்கும், அதாவது அழித்ததைத் திரும்பப் பெறும் வசதியும் கிடையாது. அதனால் நான் கூடவே வரும் நிர்வாகக் கருவியின் ‘மைஎஸ்கியூஎல்அட்மின் டிராப்’ வழியாகத்தான் போவேன். அதுவாவது ஒருமுறை கேட்கும்.

அழிக்கும் வேலைக்கு மட்டும் என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. தடுக்கும் ஃபைலின் பெயரையும் சொன்னால் நாலாக்கிவிடுகிறேன்.