நம்ம வீட்டுப் புளிசாதத்துக்கு நம்மிடமே பாஸ் விற்றார்கள்: 3,493 ரூபாய் போச்சு

சனிக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய், மணி ராத்திரி பதினொன்றரை. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. லீவில் பிள்ளைகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப் போக நினைப்பவர்கள், அதிலும் வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம் என்று இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். என்ன கட்டலாம், எது வெயிலில் கெடாது, எதில் வைத்து எடுத்துப் போவது என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மதுரை. நாத்தனார் வீடு தாம்பரத்தில். லீவுக்கு அங்கே போய், எல்லோருமாகச் சென்னையைச் சுற்றியிருக்கிற பெரிய பார்க்குகளில் ஒன்றுக்குப் போவதாகத் திட்டம். நான், வீட்டுக்காரர், அத்தை, பெரியவன், சின்னவள், நாத்தனார், அவள் மகள். மொத்தம் ஏழு பேர். அத்தைக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறவர், நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். சின்னவளுக்கு நாலு வயசு, கொஞ்சம் காரம் பட்டாலும் தட்டைத் தள்ளிவிடுவாள். அதனால்தான் வீட்டுச் சாப்பாடு. கஞ்சத்தனம் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஏழு பேருக்கு வெளியில் ஒரு வேளை வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

டிக்கெட் போட்டது பார்க்கின் சொந்தத் தளத்தில் இல்லை. அதுதான் முதல் தப்பு. ரீல்ஸுக்கு நடுவே விளம்பரம் வந்தது. டிக்கெட் விற்கிற ஒரு தளம். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டுக்காரர் தடுக்கிறார், அதனால் போடவில்லை. டிக்கெட் விலை பார்க்கின் தளத்தில் இருந்த அதே விலைதான், ஒரு ரூபாய் கூடக் கூடுதல் இல்லை. சரி, நாணயமான ஆளுங்க என்று நினைத்துவிட்டேன். அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். "பிக்னிக் பாஸ்: வீட்டுச் சாப்பாடு அனுமதி, நிழலில் டேபிள், லாக்கர். நபருக்கு 499 ரூபாய்."

உடனே ஏமாந்துவிடவில்லை நான். ஃபோன் போட்டுக் கேட்டேன். ஒரு பையன் எடுத்தான். கேட்டதெல்லாம் அப்படியே காதில் நிற்கிறது.

"அக்கா, நீங்க மதுரையா? பேச்சுலயே தெரியுதுக்கா. நான் திருமங்கலம்."

வெளிச் சாப்பாடு உள்ளே விட மாட்டார்கள் என்று கேள்விப்பட்டேனே தம்பி என்றேன்.

"சும்மா போனா விட மாட்டாங்கக்கா. அதுக்குத்தான் இந்தப் பாஸே. கேட்ல மெசேஜைக் காட்டுங்க, விட்டுருவாங்க. எங்கம்மாவும் எங்க போனாலும் புளிசாதம்தான் கட்டும். தாராளமா கொண்டு வாங்க."

அவ்வளவுதான். அந்தப் புளிசாதத்தில் விழுந்துவிட்டேன். அப்படிச் சொல்லச் சொல்லி யாராவது பயிற்சி கொடுத்திருப்பார்களோ, இல்லை அவன் அம்மா நிஜமாகவே புளிசாதம் கட்டுகிறவரோ, இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை. ஏழு பேருக்கு, நாலு வயசுக் குழந்தைக்கும் சேர்த்து, ஏழு 499. மொத்தம் 3,493 ரூபாய். யுபிஐயில் நானே பின் போட்டு அனுப்பினேன். ரெண்டு நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் பாஸ் வந்தது, பச்சை நிறத்தில், நடுவில் ஒரு கூடைப் படம்.

புளிக்காய்ச்சலை மதுரையிலேயே காய்ச்சி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் நல்லெண்ணெய் மேலே மிதக்கிற அளவுக்கு ஊற்றி, பாண்டியன் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். சனிக்கிழமை நாலு மணிக்கே எழுந்து நானும் நாத்தனாரும் அடுப்படியில் நின்றோம். சோறு உதிரி உதிரியாக வடித்து, பெரிய தாம்பாளத்தில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே ஆறவைத்துக் கிளறினோம். சூட்டோடு மூடினால் வேர்த்து ஊசிப்போகும், அதற்காக. அத்தைக்கும் சின்னவளுக்கும் தயிர்சாதம், அதில் பாலை நிறைய ஊற்றித் தயிரை ஒரே ஒரு கரண்டி விட்டேன், மத்தியானத்துக்குள் சரியாக உறைந்துவிடும். உருளைக்கிழங்கு வறுவல், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, முறுக்கு, கடலைமிட்டாய். பெரிய எவர்சில்வர் தூக்கு ஒன்று, சம்படம் நாலு. கால் டாக்ஸி இறக்கிவிட்டுப் போய்விட்டது. காரில் போயிருந்தால் டிக்கியிலாவது வைத்திருக்கலாம்.

கேட்டில் பை சோதனை. செக்யூரிட்டி தூக்கைத் திறந்தார். பெருங்காய வாசனை அந்த வரிசை முழுக்க அடித்தது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டே, "இதெல்லாம் உள்ளே போகாதும்மா" என்றார். பெருமையாக ஃபோனை நீட்டினேன், பச்சைப் பாஸ். அவர் பார்த்தார், பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டார், அவரும் பார்த்தார். "இது எங்களுது இல்லையேம்மா. இப்படி ஒண்ணு கிடையவே கிடையாது."

டிக்கெட்டை ஸ்கேன் பண்ணினார்கள், ஏழும் சரியாக விழுந்தது. அதுதான் இந்தத் தில்லுமுல்லில் இருக்கிற சாமர்த்தியம். டிக்கெட் அசல். பாஸ் மட்டும் காற்று. மொத்தமாகப் போலி என்றால் திரும்பிப் போய்ப் போலீசில் சொல்லலாம். பிள்ளைகள் உள்ளே சறுக்குமரத்தைப் பார்த்துக் குதித்துக்கொண்டு நிற்கும்போது எங்கே திரும்புவது?

உள்ளே விசாரணைக் கவுண்டரில் ஒரு பெண் பொறுமையாகவே கேட்டாள். குழந்தை உணவும், நோயாளிக்கான உணவும் மட்டும் விடலாம் என்றாள். அத்தையின் மருந்துச் சீட்டையும் இன்சுலின் பையையும் பார்த்து ஒரே ஒரு சம்படத் தயிர்சாதத்தை அனுமதித்தார்கள். லாக்கரில் வைக்கிறேன் என்றால், லாக்கரில் சாப்பாடு வைக்கக் கூடாதாம். பார்க்கின் மேல் எனக்குக் கோபமில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் விதியை அவர்கள் தளத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், பார்க்காமல் விட்டது நான். 2023 ஜனவரியில் தியேட்டர் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமே, வெளிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்ல உரிமையாளருக்கு உரிமை உண்டு, ஆனால் குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கு அளவாகக் கொண்டுவருவதைத் தடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. வீட்டுக்காரரின் ஆபீஸ் நண்பர் சொன்னார். இதெல்லாம் ஊருக்குத் திரும்பியபிறகு வருகிற ஞானம்.

தூக்கை என்ன செய்வது? குப்பைத்தொட்டியைக் காட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரர் எதுவும் பேசாமல் தூக்கையும் மூன்று சம்படத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மத்தியானம் ஃபுட் கோர்ட். பில் 2,140 ரூபாய். அதிலும் சின்னவள் ரெண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. அத்தை தன் சம்படத்தைத் திறந்து, மூடியில் பாதித் தயிர்சாதத்தை எடுத்துவைத்து அவளுக்கு ஊட்டினார். நான் தடுத்தேன். "எனக்கு வயிறு ரொம்பிருச்சு" என்றார். ரொம்பவில்லை. மூணு மணிக்குக் கை நடுங்கி, உட்கார்ந்தவர் எழ முடியாமல், ஜூஸ் வாங்கிக் கொடுத்தபிறகுதான் தெளிந்தார். 3,493 ரூபாயைக் கூட விட்டுவிடுவேன். அந்த அரைமணி நேரத்தை விட மாட்டேன்.

சாயங்காலம் வெளியே வந்தபோது ஆட்டோக்காரர் தூக்கைக் கழுவி, கவிழ்த்துவைத்திருந்தார். "பெருங்காயம் கொஞ்சம் தூக்கல்க்கா, ஆனா நல்லா இருந்துச்சு" என்றார். அன்றைக்கு யாராவது உண்மையாக அக்கா என்று கூப்பிட்டார்கள் என்றால் அவர்தான்.

இனி அந்தத் தளம். அன்று ராத்திரியே ஃபோன் போட்டேன். அதே பையன், அதே குரல். சத்தியம் பண்ணுவேன். ஆனால் இப்போது அக்கா போய் மேடம் வந்துவிட்டது.

"மேடம், உங்க புக்கிங்ல யூஸ்டுன்னு காட்டுது."

டிக்கெட் யூஸ்டு தம்பி, பாஸை யார் யூஸ் பண்ணினது?

"ரெண்டும் ஒரே புக்கிங் மேடம். நீங்க பார்க்லதான் கேக்கணும்."

திருமங்கலம்தானே நீ என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்குக்குப் போட்டேன். அந்தத் தளம் எங்கள் ஏஜென்ட் இல்லை, பாஸுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். நியாயம். மறுபடி தளத்துக்கு மெயில். திங்கட்கிழமை பதில் வந்தது: பிக்னிக் பாஸ் என்பது "ஏற்பாட்டுச் சேவைக்" கட்டணமாம், அனுமதி பார்க்கின் விருப்பத்துக்கு உட்பட்டதாம், நிபந்தனைப் பகுதியில் இருக்கிறதாம். போய்ப் பார்த்தேன். இருக்கிறது, பதினேழாவது வரியில், எறும்பு எழுத்தில். வருத்தத்துக்கு ஈடாக அடுத்த டிக்கெட்டுக்கு 200 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம். 3,493 ரூபாய் வாங்கிக்கொண்டு 200 ரூபாய் கூப்பன், அதுவும் அவர்களிடமே மறுபடி டிக்கெட் வாங்கினால்! அவர்கள் விளம்பரத்துக்குக் கீழே நடந்ததை எழுதினேன். பத்து நிமிஷத்தில் கமென்ட் காணோம். என்னையும் ப்ளாக் பண்ணிவிட்டார்கள்.

பேங்கில் கேட்டால், "நீங்களே பின் போட்டு அனுப்பினது, நாங்க என்ன செய்ய?"

இன்று காலையில் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண், கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசினார்கள். இணையத்தில் விற்கிற கம்பெனிகள் புகார் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டோம் என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் வருஷத்து விதி இருக்கிறதாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. 3,493 ரூபாய்க்குக் கோர்ட்டா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். ஆமாம், கோர்ட்டுதான். என்னை மாதிரி இந்த லீவில் எத்தனை பேரிடம் "எங்கம்மாவும் புளிசாதம்தான்" என்று சொல்லியிருப்பான்?

என்னென்ன கட்டலாம் என்று விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது அதற்கு மனசும் இல்லை, நேரமும் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்.

டிக்கெட்டைப் பார்க்கின் சொந்தத் தளத்திலோ கவுண்டரிலோ மட்டும் வாங்குங்கள். சாப்பாட்டு விதியைப் பார்க்குக்கே ஃபோன் போட்டுக் கேளுங்கள், விற்கிறவனிடம் கேட்காதீர்கள். உங்கள் சாப்பாட்டை நீங்கள் கொண்டுபோக யாராவது காசு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஃபோனில் சொன்னதை மெசேஜில் எழுதி வாங்குங்கள், நான் வாங்கவில்லை. சர்க்கரைக்காரர்கள் கூட வந்தால் மருந்துச் சீட்டு கட்டாயம், சம்படம் ஒன்றுக்கு ரெண்டாக வையுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். கேட்டுக்கு வெளியே நிழல் பார்த்து, உள்ளே போகும் முன்னாலேயே எல்லோருக்கும் வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள்.

புகார் எண் வந்திருக்கிறது. 3,493 ரூபாய் வந்தால் இதன் கீழேயே எழுதுகிறேன். சின்னவள் எழுந்து அழுகிறாள், போகிறேன்.