காலை ஷிப்டா, மதிய ஷிப்டா?

வடசென்னையில் அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்பது இது. இரண்டிலும் பாடத்திட்டம் ஒன்று, பட்டமும் ஒன்று. வித்தியாசம் வகுப்பெடுப்பவரிடம் இருக்கிறது.

காலையில் நிரந்தரப் பேராசிரியர்கள் அதிகம். ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக வந்தவர்கள், பாடத்தில் ஊறியவர்கள். பின்னால் முனைவர் பட்டம் செய்ய நினைத்தால் நெறியாளராக இருக்கக்கூடியவர்களும் இவர்கள்தான். மாணவர்கள் சொல்லும் குறை: சிலர் பழைய நோட்ஸையே வருடா வருடம் வாசிக்கிறார்கள், நல்லவர் வாய்த்தால் பணியிட மாறுதலில் போய்விடுகிறார்.

மதியம் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர்கள், அதாவது தற்காலிகமாகப் பாடம் எடுப்பவர்கள். படிப்பில் குறைந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட், செட் தேறியவர்கள், முனைவர்கள் நிறைய உண்டு. ஆனால் தொகுப்பூதியம் மாதம் 25,000 ரூபாய், அதுவும் 11 மாதத்துக்கு. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700. (பக்கத்து அறையில் அதே பாடத்தை நடத்துபவருக்கு!) இவர்களிடம் தயங்காமல் சந்தேகம் கேட்க முடிகிறது என்கிறார்கள் மாணவர்கள். வேறு வேலை கிடைத்து நடு செமஸ்டரில் கிளம்பிவிட்டால்தான் சிக்கல், அந்தத் தாள் அந்தரத்தில் தொங்கும்.

விடியற்காலையில் காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு நிற்கும் பையனுக்கு மதியத்தை விட்டால் வழியில்லை. ஆராய்ச்சி ஆசை இருந்தால் காலை. டிஎன்பிஎஸ்சி எழுதப்போகிறவர்களுக்கு நான் மதியத்தையே சொல்வேன். காலை நேரம் பயிற்சிக்கு மிஞ்சும். எதுவானாலும், அந்தத் துறையில் எத்தனை பணியிடம் காலி என்று சீனியர்களிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.