பாசியோடு 18 மாதங்கள்: என் பவளத் தொட்டி அனுபவம்

தொட்டி வைத்த மூன்றாவது மாதம் பாறைக்கு முடி முளைத்தது. முதலில் விரல்நுனி அளவு பச்சைப் பாசிதான். வெளுத்துக் கிடந்த பாறைக்கு உயிர் வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்கூட. இரண்டே வாரத்தில் அது நீரோட்டத்தில் அலையும் கூந்தலாகி, பக்கத்திலிருந்த ஜோவாந்தஸ் பவளங்களை மூடிவிட்டது. விரிய இடமில்லாமல் அவை மொட்டாகக் கூம்பிக் கிடந்தன.

கடல்நீர்த் தொட்டி, 200 லிட்டர். உலர்ந்த பாறை, உலர்ந்த மணல், எல்இடி விளக்கு, நுரையாக்கிக் கழிவைப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், கீழே சின்னதாக ஒரு சம்ப் (துணைத் தொட்டி). அம்மோனியா நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறும் சுழற்சி நிலைபெற ஐந்து வாரம் ஆயிற்று. ஆறாம் வாரம் மணல்மீது பழுப்புத் தூள் படிந்தது. டயட்டம் என்னும் நுண்பாசி. சிலிக்கேட் குறைந்ததும் தானாகவே போய்விடும் என்றார்கள், போய்விட்டது. பச்சையும் அப்படியே போகும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தது என் முதல் தவறு.

இரண்டாவது தவறு, சோதனைக் குப்பியை அப்படியே நம்பியது. பாஸ்பேட் பூஜ்யம், நைட்ரேட் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு). தின்ன ஒன்றுமில்லாத நீரில் இவ்வளவு பாசி எப்படி என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். நீரில் வந்து சேரும் பாஸ்பேட்டைப் பாசி உடனுக்குடன் உறிஞ்சிவிடுகிறது. அது தின்றது போக மிஞ்சியதைத்தான் நாம் அளக்கிறோம். வழித்துத் தின்றவனின் தட்டைப் பார்த்து, பாவம், பட்டினி கிடக்கிறான் என்று நினைத்தவன் கதைதான் என் கதை.

சரி, பாஸ்பேட் எங்கிருந்து வருகிறது? தொட்டியில் வைக்காமல் மிச்சமிருந்த ஒரு பாறைத் துண்டை, புதிதாகக் கலக்கிய உப்புநீர் வாளியில் போட்டு, சின்ன மோட்டாரை ஓடவிட்டு, மூடி இருட்டில் வைத்தேன். ஒரு வாரம் கழித்து அந்த நீரில் பாஸ்பேட் 0.25 பிபிஎம். மீன் இல்லை, தீனி இல்லை. பாறையே கசியவிட்டுக்கொண்டிருந்தது. உலர்பாறை வாங்குகிறவர்கள் அதைத் தொட்டியில் அடுக்கும் முன் இந்த வாளிச் சோதனையைச் செய்துவிடுங்கள். சில வாரம் வாளியிலேயே ஊறவைத்து நீரை மாற்றி வந்திருந்தால், எனக்குத் தொட்டிக்குள் நடந்த சண்டையில் பாதி வெளியிலேயே முடிந்திருக்கும்.

நான் ஊற்றிய நீரும் யோக்கியமில்லை. நீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ–டிஐ கருவியில், கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 4 காட்டியதை, நான்குதானே என்று விட்டிருந்தேன். கடைசியாக மிஞ்சும் உப்புகளைப் பிடிக்கும் டிஐ ரெசின் தீரும்போது மீட்டர் ஏறுவதற்கு முன்பே சிலிக்கேட் கசியத் தொடங்கிவிடும். இப்போது 1 வந்தாலே ரெசினை மாற்றிவிடுகிறேன்.

நான் பட்ட பெரிய அடியை இங்கே சொல்லியாக வேண்டும். பாஸ்பேட்தான் வில்லன் என்று தெரிந்ததும் அதை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகளை வாங்கி, உறையில் எழுதியிருந்த முழு அளவையும் ஒரே நாளில் போட்டேன். பாசி வெளிறியது. வெற்றி என்று நினைத்த வாரத்தில் மோன்டிபோரா பவளம் ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியது. அடுத்த வாரம் மணல்மேல் பழுப்பாக, கோழைபோல இழைகள். ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு காற்றுக் குமிழி. இரவில் மறைந்து, விளக்கு எரிந்த சில மணி நேரத்தில் திரும்பி வந்தது. டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடிமட்டத்துக்குப் போன தொட்டியில் இது தலையெடுப்பது வழக்கமாம். நான்கு நத்தைகள் செத்தன. பூஜ்யமாக்கப் பாடுபட்ட அதே கையால் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சொட்டுச் சொட்டாகத் திரும்ப ஊற்ற வேண்டியதாயிற்று. இரண்டு மாதம் வீண். அந்த மணிகளைப் பற்றி என் கருத்து: நல்ல பொருள், உறையில் உள்ள அளவில் கால்வாசியில் தொடங்குங்கள்.

மூன்று நாள் விளக்கணைப்பும் செய்து பார்த்தேன். பாசி மெலிந்தது, பத்து நாளில் பழைய கனத்துக்கு வந்தது. விளக்கு நேரத்தை 12 மணியிலிருந்து 8 ஆகக் குறைத்து வெள்ளை ஒளியைத் தணித்தது அதைவிடப் பயன்பட்டது.

உண்மையில் பாசியைக் குறைத்தது என் கைதான். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை ரப்பர் வளையத்தால் சைஃபன் குழாயின் வாயோடு கட்டிக்கொண்டேன். தேய்க்கும்போதே பிய்ந்த இழைகளைக் குழாய் இழுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் துணுக்குகள் பறந்து போய் வேறு இடத்தில் குடியேறிவிடும். வாரம் 20 லிட்டர் நீர் மாற்றும் நாளெல்லாம் இதுதான் வேலை. தூக்க முடிந்த பாறைகளை வெளியே எடுத்து, தொட்டி நீர் நிரப்பிய வாளியில் வைத்து அடியோடு பிடுங்கினேன். ஒரு கொத்தைப் பிழிந்தால் உள்ளங்கையில் அரிசிக் குருணை அளவு ஆம்ஃபிபாடுகள் (இறால் இனத்துச் சிற்றுயிர்கள்) துள்ளும். அவற்றைத் தொட்டியிலேயே உதறிவிடுவேன், அவையும் பாசி தின்பவைதானே.

நத்தைகளின் முறை இதற்குப் பிறகுதான். நீண்ட முடியை அவை பெரும்பாலும் சீண்டுவதில்லை; மழித்த இடத்தில் முளைக்கும் குருத்தைத்தான் மேய்கின்றன. ட்ரோகஸ் நத்தைக்கு முதல் மதிப்பெண்: கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். அஸ்ட்ரியாவுக்கு அது வராது, காலையில் எழுந்ததும் நாம்தான் நிமிர்த்திவைக்க வேண்டும். டர்போ அசுரத் தீனிக்காரன், ஆனால் ஒட்டாத பவளத் துண்டுகளையெல்லாம் உருட்டித் தள்ளிவிடும். செரித் மணலுக்குள் புகுந்து வேலை செய்யும். துறவி நண்டுகளை நான் இனி வாங்கமாட்டேன். பெயரில் மட்டும்தான் துறவு; குடியிருக்க நத்தை ஓடு வேண்டும் என்று இரண்டு நத்தைகளைக் கொன்றன.

ஒரு மூலையில் மட்டும் இறகு வடிவில் ஒன்று பிடிவாதமாக நின்றது. அது பிரயாப்சிஸ் என்னும் வேறொரு பாசி. பிரஷ்ஷுக்கும் அசையவில்லை, நத்தையும் தொடவில்லை. லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃப்ளூகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்தைப் போட்டு, அதை உறிஞ்சிவிடும் கார்பன் வடிகட்டியை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். மூன்றாம் வாரம் கரைந்துவிட்டது. சாதாரண முடிப்பாசிக்கு இந்த மருந்து வரை போக வேண்டாம் என்பது என் எண்ணம்.

எட்டாம் மாதம் சம்பில் நீரிலுள்ள நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்ச, கீட்டோமார்ஃபா பாசிக்கென ஒரு சிறு அறை ஒதுக்கி, இரவில் மட்டும் அதற்கு விளக்கு போட்டேன். இரவில் பிஎச் இறங்குவதும் இதனால் மட்டுப்பட்டது. பாசியை வைத்தே நீரைச் சுத்தம் செய்யும் யோசனை பழையது; ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி பாசித் திரைகளைக் கொண்டே பவளத் தொட்டிகளை நடத்திக் காட்டியிருக்கிறார். என் அறை அவ்வளவு பெரிய காரியமில்லை, மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி அறுவடை.

இன்று நைட்ரேட் 5 முதல் 8, பாஸ்பேட் 0.05 முதல் 0.08. முடிப்பாசி பிடித்திருந்த பாறைகளில் கோரலைன் என்னும் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி படர்ந்திருக்கிறது. மூன்று நாளுக்கொருமுறை கண்ணாடியில் மெல்லிய பச்சைப் படலம் வரும், காந்தத் துடைப்பான் போதும். வடிகால் பெட்டிக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில், ஒரே ஒரு கொத்து இன்னும் இருக்கிறது. நத்தைகளுக்குத்தான் இப்போது மேய்ச்சல் போதவில்லை. போன மாதம் ஒரு டர்போ மெலிந்து செத்தது. அதனால் வாரம் இருமுறை காய்ந்த கடற்பாசித் தாளைக் கண்ணாடியில் கிளிப் போட்டு மாட்டுகிறேன். பாசி தின்ன வாங்கிய நத்தைக்குப் பாசி வாங்கிப் போடுகிறேன்.